அணில் தின்னாத தானியம்

நம்ம ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு உண்டு. அதைப் பார்த்தால் கை தானாகக் கடலையை நீட்டும். அமெரிக்க அணிலுக்குக் கோடே கிடையாது. பெருச்சாளிக்குப் புசுபுசுவென்று ஒரு வாலை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். பார்த்த முதல் நாளே எனக்கு அதன்மேல் நல்ல அபிப்பிராயம் வரவில்லை.

எனக்கு எதன்மேலும் சட்டென்று நல்ல அபிப்பிராயம் வராது என்பது வேறு விஷயம். ஹூஸ்டன் கப்பல் கால்வாய்ப் பக்கம் ஒரு கெமிக்கல் பிளான்ட்டில், வந்து இறங்கும் சரக்கையெல்லாம் பரிசோதிக்கிற லேபில் எனக்கு வேலை. டிரம்மில் ஒட்டியிருக்கும் லேபிள் ஒன்று சொல்லும், உள்ளே வேறொன்று இருக்கும். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியை ஆபீசிலேயே கழற்றி வைத்துவிட்டு வர எனக்குத் தெரியவில்லை என்பாள் என் மனைவி. பால் வாங்கினால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் காபியில் ஊற்றுவேன். தபால்காரர் சிரித்தால் இவர் ஏன் இன்று சிரிக்கிறார் என்று யோசிப்பேன். அப்படி ஒரு பிறவி.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் வீடு வாங்கிக் குடிவந்து அதிக நாள் ஆகவில்லை. வீட்டுக்குப் பின்னால் பேக்யார்டில் ஒரு பீக்கன் கொட்டை மரம், அதைச் சுற்றிப் புல், மூன்று பக்கமும் மரவேலி. என் மனைவி அப்போது இரண்டாவது முறையாக உண்டாகியிருந்தாள். முதலாவது மூன்றாம் மாதத்தோடு போய்விட்டது. அதைப்பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. இந்த முறை மூன்றாம் மாதம் தாண்டியதும் நான் கொஞ்சம் மூச்சு விட்டேன். ஆனால் மசக்கை அவளை விடவில்லை. குக்கர் விசில் அடித்தாலே எழுந்து ஓடுவாள். ரசம் சாதம், தயிர் சாதம், ரொட்டி, சூப், டாக்டர் சொன்ன உப்பு பிஸ்கட், எதுவும் உள்ளே நிற்கவில்லை. ஐந்தாம் மாதம் பிறந்தும் வயிறு தெரிவதற்குப் பதில் கழுத்தெலும்புதான் தெரிந்தது. "அடுத்த விசிட்டுக்குள் எடை ஏறவில்லையென்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்ற வேண்டும், குழந்தைக்கு இது நல்லதில்லை" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். அவளைப் பார்த்துச் சொல்ல அவருக்கே மனசு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுப் பெரியவர் பறவைக்குத் தீனி வைக்கிற கூண்டு ஒன்றை வேலிக்கு மேலாக நீட்டினார். ரிட்டயரான வெள்ளைக்காரர். கண்ணாடிச் சுவர் வைத்த குட்டி வீடு மாதிரி இருந்தது. தானியத்தைக் கொட்டினால் அடியில் ஒரு விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். "உன் மனைவி பகல் முழுக்க ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருக்கிறாள், பார்ப்பதற்கு ஏதாவது இருக்கட்டும்" என்றார். வாங்கிக்கொண்டு உள்ளே வந்ததும் என் மண்டை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

"அவருக்கு எப்படித் தெரியும், நீ ஜன்னல்கிட்ட உட்காந்திருக்கேன்னு?"

"கண்ணு இருக்கு, தெரியுது. நல்ல மனுஷனைப் போய்ச் சந்தேகப்படாதீங்க. போய் மாட்டுங்க முதல்ல."

மாட்டினேன். கடையில் ஒரு பெரிய பை தானியம் வாங்கி வந்து நிரப்பினேன். இரண்டாம் நாளே சிவப்புக் கார்டினல் குருவி ஜோடி ஒன்று வந்தது. அவள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "பாருங்களேன், குங்குமத்துல முக்கி எடுத்தாப்புல!" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. சரி, இந்தக் கூண்டு காலியாகவே கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

முடிவு செய்தவன் நான். அணில் செய்யவில்லை. கூண்டை முதலில் ஓர் இரும்புக் குழாயின் உச்சியில் வைத்திருந்தேன். அணில் வழுக்குமரம் ஏறுகிற மாதிரி ஏறி, விளிம்பில் பிட்டத்தை வைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் எடுத்து எடுத்துத் தின்றது. நான் கதவைத் திறந்து "ச்சூ!" என்றால் தலையைத் திருப்பி ஒரு பார்வை. போடா என்கிற பார்வை. குழாய்க்கு விளக்கெண்ணெய் தடவினேன். முதல் நாள் வழுக்கி விழுந்தது. மறுநாள் வேலி மேலிருந்து ஒரே தாவு, நேரே கூண்டுக் கூரையில். சரி என்று குழாயைப் பிடுங்கிவிட்டு, பீக்கன் மரத்துக் கிளையிலிருந்து நீளக் கம்பியில் தொங்கவிட்டேன். அது கம்பியில் தலைகீழாக இறங்கி, பின்னங்கால் இரண்டையும் மேலே மாட்டிக்கொண்டு, முன்கையால் சாவகாசமாகத் தின்றது. சர்க்கஸில் சேர்த்துவிட்டிருந்தால் எனக்கு நாலு காசாவது கிடைத்திருக்கும்.

கூண்டை இன்னும் உயர்த்தினேன். கடைசியில் அது என் கைக்கே எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் நிறுத்தும் கராஜிலிருந்து ஏணியைத் தூக்கி வந்து நிரப்புவேன். பறவைக்கு மிளகாய்க் காரம் உறைக்காது, அணிலுக்குத்தான் உறைக்கும் என்று லேபில் ஒருவன் சொன்னான். வீட்டுக்கு வந்ததும், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து என் மாமியார் திரித்து அனுப்பியிருந்த மிளகாய்ப்பொடியை எடுத்துத் தானியப் பையில் தாராளமாகக் கொட்டிக் குலுக்கினேன். அணில் தின்றது, தும்மியது, மூக்கைப் புல்லில் தேய்த்துத் துடைத்தது, திரும்ப வந்து தின்றது.

அணிலைவிட என் மனைவிக்குத்தான் கோபம். "அதுல போய் யாராவது மிளகாப்பொடியக் கொட்டுவாங்களா? அறிவு வேண்டாம்?" என்று கத்தினாள். அம்மா அனுப்பிய பொடி வீணாகிவிட்ட கோபம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அந்தக் கோபம் பொடியின் அளவுக்கு மீறி இருந்ததாகத் தோன்றியது. மனசுக்குள் ஒரு மூலையில் அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் பையிலேயே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வாங்கும்போது அதில் நாலு வகை இருந்தது: கறுப்புச் சூரியகாந்தி விதை, உடைத்த மக்காச்சோளம், சிவப்புச் சோளம், அப்புறம் பளபளவென்று வெளிர்நிறத்தில் ஒரு பொடித் தானியம். அந்தப் பொடித் தானியம்தான் பாதிக்குப் பாதி. இப்போது கையை விட்டுத் துழாவினால் சூரியகாந்தியும் மக்காச்சோளமும் மட்டும்தான் வந்தன. பொடித் தானியத்தையும் சிவப்புச் சோளத்தையும் காணவே காணோம். கராஜ் கதவுக்கு அடியில் நாலு விரற்கடை இடைவெளி இருந்தது. அணில் உள்ளே வருகிறது, வந்து பொறுக்கி எடுத்துப் போகிறது என்று முடிவு கட்டினேன். வேலியருகே நின்று பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அணில் முதலில் சூரியகாந்தியைத்தான் தின்னும், பொடித் தானியத்தைத் தள்ளிவிடும், நீ தலைகீழாகச் சொல்கிறாய் என்றார்.

ஊரிலுள்ள அணிலெல்லாம் ஒரு மாதிரி, என் வீட்டு அணில் மட்டும் வேறு மாதிரியா? கடைக்காரன் கலப்படம் செய்கிறானோ என்று புதுப் பை வாங்கி, கடை வாசலிலேயே பிரித்துப் பார்த்தேன். பொடித் தானியம் கொள்ளையாக இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மறுபடி காணோம். லேபில் இப்படி ஒரு ரிசல்ட் வந்தால் ஒன்றுதான் அர்த்தம்: நாம் நினைக்காத ஆள் ஒருவன் நடுவில் கை வைக்கிறான். பக்கத்து வீட்டுப் பெரியவரையே ஒரு நாள் முழுக்கச் சந்தேகப்பட்டேன். அவரே கூண்டைக் கொடுப்பாராம், அவரே தானியத்தை எடுப்பாராம். எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை.

அதே நாட்களில் வீட்டுக்குள் ஒரு வாடை வேறு. லேசான புளிப்பு வாடை. ஃப்ரிட்ஜை நகர்த்திப் பார்த்தேன், சிங்க்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன், எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று பரணில் ஏறிப் பார்த்தேன்.

"உனக்கு வாடை வரலையா?"

"இல்லையே."

பெருங்காய டப்பாவைத் திறந்தாலே குமட்டுகிறவளுக்கு இந்த வாடை வரவில்லையாம்! அதையும் குறித்துக்கொண்டேன். இன்னொன்றும் இருந்தது. என் எதிரில் அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, ஆனால் டாக்டரிடம் போனபோது எடை ஏறியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் ஏறியிருந்தது. டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். நான் அந்த எடை பார்க்கும் மெஷின் சரியாக இருக்கிறதா என்று நர்ஸிடம் கேட்டேன்.

மூன்றாவது பை வாங்கியதும் அதைக் கராஜில் வைக்கவே இல்லை. கார் டிக்கியில் போட்டுப் பூட்டி, ஆபீசுக்கே எடுத்துப் போய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்தேன். இனி எவன் எடுக்கிறான் பார்க்கிறேன் என்று ஒரு வீராப்பு. பை பத்திரமாக இருந்தது. ஆனால் கூண்டில் நிரப்பியது மறுநாளே சூரியகாந்தியும் மக்காச்சோளமுமாக மட்டும் நின்றது. அப்போதுதான் படமெடுத்தே தீர்வது என்று கிளம்பினேன்.

தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாவைப் படமெடுக்கிற அங்கிள் ஒருவரிடம் வீடியோ கேமரா இருந்தது. தோளில் தூக்கி வைத்தால் தோள் இறங்கிவிடும், அவ்வளவு கனம். குழந்தை பிறக்கப்போகிறது, இப்போதிருந்தே பழகிக்கொள்கிறேன் என்று சொல்லி வாங்கி வந்தேன். அணிலுக்கு என்றால் சங்கம் முழுக்கச் சிரிக்கும். மனைவியிடமும் மூச்சு விடவில்லை. காலையில் ஆபீஸ் கிளம்பும்போது கராஜில் வாஷிங் மெஷின் மேல் கேமராவை வைத்து, பக்கவாட்டு ஜன்னல் வழியாகக் கூண்டைப் பார்க்கத் திருப்பி, லென்ஸ் மட்டும் வெளியே தெரிய மேலே ஒரு துண்டைப் போர்த்தி, பொத்தானை அமுக்கிவிட்டுப் போவேன். கேசட் தீரும்வரை அதுபாட்டுக்கு ஓடும். துணி துவைக்கிற வேலையை அப்போது நான்தான் பார்த்து வந்தேன். ஆகவே அவள் அந்தப் பக்கம் வர வேண்டியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவளை சோபாவில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, கேசட்டைப் போட்டேன்.

"என்னது?"

"பாரு. திருடனைக் கையும் களவுமாப் பிடிச்சிருக்கேன். நானே இன்னும் பாக்கலை."

திரையில் பீக்கன் மரம். கம்பி. கூண்டு. கொஞ்ச நேரத்தில் அணில் வந்தது. கிளையின் நுனியில் நின்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, கம்பியில் இறங்கித் தலைகீழாகத் தொங்கியது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் திரைக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டேன். பெரியவர் சொன்னது சரிதான். அது பொடித் தானியத்தைக் கையால் தள்ளித் தள்ளிவிட்டு, சூரியகாந்தி விதையை மட்டும் உரித்துத் தின்றது.

"பாத்தியா? இது தொடவே இல்லை. அப்ப வேற எவனோ வரான்."

சிரிப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது. "இது என்னைக்கு எடுத்தது?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை."

"போதுங்க. தலை வலிக்குது, அணைச்சிருங்க. அப்புறமாப் பாக்கலாம்."

"இருடி, இப்பதான் முக்கியமான கட்டம்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அணில் தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வேலி மேல் ஓடியது. திரையில் அசைவில்லை. பிறகு கேசட்டில் வீட்டின் பின்கதவு நகரும் சத்தம் கேட்டது. யாரோ வருகிறார்கள்.

வந்தது அவள். நைட்டிக்கு மேல் என் பழைய ஸ்வெட்டர். ஒரு கையில் நூடுல்ஸ் வடிகட்டுகிற ஓட்டைப் பாத்திரம், இன்னொரு கையில் ஒரு அகலமான தட்டு. இரண்டையும் புல்லில் வைத்தாள். வாசலிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து மரத்தடியில் போட்டாள். அதன் கால் புல்லில் சரியாக நிற்கவில்லை. கையால் ஆட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு அதன் மேல் ஏறினாள்.

கூண்டு அவளுக்கு எட்டவில்லை. நான்தானே உயர்த்திக் கட்டியிருந்தேன். அவள் குதிகாலைத் தூக்கி நின்று எக்கினாள். நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பக்கத்தில் தாழ்ந்திருந்த கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி எக்கினாள்.

"இறங்கு! ஏய், இறங்குடி! விழுந்துடப் போற!"

டி.வி.யைப் பார்த்துத்தான் கத்தினேன். நடந்து இரண்டு நாளாகிவிட்டது என்பதெல்லாம் மண்டையில் ஏறவே இல்லை. இரண்டு கையையும் திரைமேல் வைத்துத் தாங்கப் பார்த்தேன்.

சமையலறை வாசலிலிருந்து அவள் குரல் வந்தது. "இறங்கிட்டேங்க. அப்பவே இறங்கிட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். அவள் நிலைப்படியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். திரையில் அவள் கூண்டைக் கழற்றி எடுத்து, புல்லில் உட்கார்ந்து, தானியத்தை ஓட்டைப் பாத்திரத்தில் கொட்டி ஆட்டிக்கொண்டிருந்தாள். பொடித் தானியமும் சிவப்புச் சோளமும் கீழே தட்டில் விழுந்தன. சூரியகாந்தியும் மக்காச்சோளமும் மேலே தங்கின. தங்கியதைப் பொறுப்பாகக் கூண்டில் கொட்டி, மறுபடியும் அந்த நாற்காலியில் ஏறி மாட்டினாள். நான் எழுந்து டி.வி.யை அணைத்தேன். இரண்டாவது தடவை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"என்ன பண்ற நீ அதை வச்சு?"

அவள் உள்ளே போய் ஒரு மூடி போட்ட பாத்திரத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். திறந்தாள். நான் வீடெல்லாம் தேடிய வாடை அதிலிருந்துதான் வந்தது.

"கூழு. அந்தப் பொடித் தானியத்தை எங்க ஊர்ல பனிவரகுன்னு சொல்லுவாங்க. சிவப்புச் சோளத்தையும் சேத்து மிக்ஸில ஒரு சுத்து விட்டு, உமியை ஊதிட்டு, கஞ்சி காச்சி ஒரு நாள் புளிக்க வச்சேன். மோர் ஊத்திக் குடிக்கிறேன். இது ஒண்ணுதாங்க உள்ள நிக்குது. வேற எதுவும் நிக்கலை."

"குருவித் தீனி! பையிலயே போட்டிருக்கு, மனுஷங்க சாப்பிடக் கூடாதுன்னு!"

"எனக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியும். பயந்து பயந்துதான் குடிச்சேன். குடிச்சிட்டு ராத்திரி பூரா வயித்துல கையை வச்சுக்கிட்டே படுத்திருப்பேன். நீங்க மிளகாப்பொடி போட்ட வாரம் எத்தனை தண்ணில அலசினேன் தெரியுமா?"

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? கீழ கொட்டிட்டு, ஒரு பிடிய எடுத்துட்டு லேபுக்குப் போவீங்க. அது நல்லதா கெட்டதான்னு நீங்க பாத்து முடிக்கிற வரைக்கும் நான் என்னத்தக் குடிக்கிறது? பிள்ள என்னத்தக் குடிக்கும்?"

அவள் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. அந்த நிமிஷம்கூட என் கை அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சிங்க்கை நோக்கிப் போகத்தான் பரபரத்தது. என்ன மருந்து அடித்திருக்கிறானோ, எந்தக் கிடங்கில் எந்த எலி ஓடியதோ. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. போன முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று பார்த்த அதே முகம்.

அலமாரியிலிருந்து பெரிய டம்ளரை எடுத்தேன். விளிம்பு வரை ஊற்றினேன். மூச்சு விடாமல் குடித்தேன். புளிப்பு, உப்பு, நடுவில் உமி ஒன்றிரண்டு பல்லில் நெருடியது. எனக்குப் பிடிக்கவில்லை. மாம்பலத்தில் வளர்ந்த நாக்கு. ஆனாலும் டம்ளரைக் காலி செய்து கவிழ்த்துக் காட்டினேன்.

அவள் முந்தானை இல்லாத நைட்டியில் முந்தானையைத் தேடி, அன்றும் போட்டிருந்த அதே ஸ்வெட்டரின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரிப்போர்ட் எப்ப வரும்?" என்றாள்.

"நாளைக்குக் காலைல நான் எந்திரிச்சா நல்ல ரிப்போர்ட்டு."

மறுநாள் காலை எழுந்தேன். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன், அவர் சிரித்துவிட்டு, ஹெல்த் ஃபுட் கடைகளில் மனிதர் சாப்பிடவே இதை விற்கிறார்கள், அதை வாங்கு என்று திட்டினார். லேபுக்கும் ஒரு பிடி எடுத்துப்போனேன், அதை மறைப்பானேன்? ஒன்றும் அகப்படவில்லை. ஹெல்த் ஃபுட் கடையில் அதே தானியம் உமி நீக்கி, பச்சை இலைப் படம் போட்ட சின்னப் பாக்கெட்டில் யானை விலைக்கு இருந்தது. பேசாமல் வாங்கினேன். ஆகஸ்ட் வெயிலில் எங்கள் பெண் பிறந்தாள், குண்டுக் கன்னத்தோடு. நர்ஸ் எடையைச் சொன்னபோது மெஷினைப்பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

அதெல்லாம் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், டம்ளரைக் கழுவி வைத்த கையோடு ஏணியைத் தூக்கிக்கொண்டு பேக்யார்டுக்குப் போனேன். கம்பியை அவிழ்த்து, கூண்டை அவளுடைய மார்பளவுக்கு இறக்கிக் கட்டினேன். பிளாஸ்டிக் நாற்காலியைக் கராஜில் போட்டுப் பூட்டினேன். டிக்கியிலிருந்த பையைக் கொண்டுவந்து கூண்டை நிரப்புவதற்குள் அணில் வேலி மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. வாலை ஆட்டியபடி கூண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. இவன் இவ்வளவு தாழ்வாகக் கட்டுகிறானே, இதில் என்ன சூதோ என்று அதற்கும் சந்தேகம்.

"வந்து தின்னு, போ" என்றேன்.

பின்னால் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஏங்க, சூரியகாந்தியை மட்டும் எடுத்துக்கச் சொல்லுங்க."